துலக்குதலும் துறத்தலும்

பினாங்குத் தீவின் தென்பகுதியில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்துச் சுங்கை குளுவாங்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சீனர் கோயில் ஒன்று உண்டு. பாம்புக் கோயில் என்பது அதன் உலகறிந்த பெயர். அங்குள்ள விரியன்கள் சிறு கிளைகளில் சுருண்டு அசைவற்றுக் கிடக்கும். பாம்பு தன் சட்டையை உரிக்கும் இயல்புடையது என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். மங்கிப்போன பழந்தோல் கழன்றதும் புதுமேனி பளிச்சிடுகிறது. ஆயினும் உரித்த பின்னும் அது தன் இனத்துக்குரிய நிறமும் வரியும் கொண்டே விளங்குகிறது. வேறோர் இனத்தின் தோலை விரும்பி அது எதனையும் உரிப்பதில்லை. வளர்வதற்காக உரிக்கிறது, வாழ்வதற்காக உரிக்கிறது.

ஊர்ந்து செல்லும் உயிருக்கு உள்ள இந்தத் தெளிவு, நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு உண்டா? மேனியைத் தேய்த்துப் பழந்தோலைப் போக்குதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தூய்மை வேண்டியும், பொலிவு வேண்டியும், நலம் வேண்டியும் எல்லா நாட்டு மக்களும் இதனைச் செய்து வந்துள்ளனர். இதில் அறத்துக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கலாம். குளிப்பது ஒருவரின் சொந்தச் செயலன்றோ? ஆனால், தேய்க்கும் கை அழுக்கைத் தேடுகிறதா, அல்லது தேய்ப்பவரின் பிறப்பையே அழுக்கெனக் கருதுகிறதா என்ற கேள்வி எழும்போது, குளியலறையின் கதவைத் தட்டிக்கொண்டு அறம் உள்ளே வந்துவிடுகிறது. பேணுதல் எங்கே முடிகிறது, வெறுத்தல் எங்கே தொடங்குகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இயற்கையின் உரிப்பு

மனிதனும் சட்டை உரிப்பவனே. பாம்பு ஒரே வீச்சில் உரிப்பதை அவன் கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் உரிக்கிறான். மேல்தோலின் அடியடுக்கில் புதிய உயிரணுக்கள் ஓயாது பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, உயிர் நீங்கி, கெரட்டின் என்னும் உறுதிப்பொருள் நிறைந்த செதில்களாக மாறி, இறுதியில் உதிர்கின்றன. இளையோரிடத்தில் இப்பயணம் ஏறத்தாழ 28 நாளில் நிறைவுறும். முதுமையில் இன்னும் நீளும். தாளினும் மெல்லிய அந்த உயிரற்ற அடுக்கே நீரை உள்ளே நிறுத்தி, நோய்க்கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. இறந்தவை இருப்பவற்றைக் காக்கும் விந்தை இது. ஆதலின், இறந்த தோல் என்பது முழுவதும் வேண்டாத குப்பையன்று; உதிரும் வரை அதற்கும் ஒரு கடமை உண்டு.

மென்மையாகத் தேய்க்கும்போது, உதிரக் காத்திருக்கும் செதில்கள் சற்று முன்னதாக நீங்குகின்றன. மேற்பரப்பு சமனாவதால் ஒளி சீராகப் பட்டுத் திரும்புகிறது. மேனி பொலிவுடன் தோன்றுகிறது. தேய்ப்பினால் கிடைக்கும் உண்மைப் பயன் இதுவே. இது சிறிய பயன். ஆனால் பொய்யான பயன் அன்று.

நிறமோ வேறு கதை. மெலனின் என்னும் கருநிறமியை ஆக்கும் அணுக்கள் மேல்தோலின் அடியடுக்கில் குடியிருக்கின்றன. வெள்ளையர், கறுப்பர், மஞ்சள் நிறத்தார் எவராயினும் அவ்வணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவும், அது தங்கும் முறையுமே வேறுபடுகின்றன. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் உயிரணுக்களைச் சிதைக்காதவாறு விரிக்கப்பட்ட குடையே அந்நிறமி. வெயில் மிகுந்த நாட்டு மக்களுக்கு இயற்கை கனத்த குடையை அளித்தது. மேலே எத்துணை தேய்த்தாலும் அடியில் உள்ள குடை மடங்காது. அடுத்த திங்களில் எழும் புதுத்தோலும் பிறவி நிறத்துடனேயே எழும்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கருமை மிகுந்த தோலை முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அது புண்பட்டு அழற்சியுறும். அழற்சி ஆறிய இடத்தில் கருநிறமி மிகுந்து, முன்னினும் கரிய தழும்பு படியும். வெளுக்க வேண்டும் என்று வெறியோடு தேய்த்த இடமே மேலும் கறுக்கிறது. அன்போடு தொட்டால் பொலிவதும், பகையோடு தொட்டால் இருள்வதும் உள்ளத்திற்கு மட்டும் உரிய இயல்பன்று. தோலுக்கும் அதுவே இயல்பு.

கையும் மாவும்

தமிழர் இல்லங்களில் இக்கலை அடுக்களையிலேயே பிறந்தது. பச்சைப்பயற்று மாவும் கடலைமாவும் கத்தூரிமஞ்சளும் சந்தனமும் மேனிக்கு உதவின. சீயக்காய் தலைக்கு உதவியது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு முதுகு தேய்க்கும் நாராயிற்று. எண்ணெய் தேய்த்து ஊறி, மாவு குழைத்துப் பூசி, வெந்நீரில் குளித்தெழும் நாள் வாரத்தில் ஒரு நாள் வந்தது. மணமக்களுக்கு நலங்கு வைக்கும் சடங்கில் சுற்றத்தாரின் கைகள் யாவும் அவர்தம் மேனியில் பட்டன. ஜார்ஜ் டவுனின் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்த கடைத்தெருவில், மஞ்சளும் சந்தனமும் சீயக்காயும் இன்றும் மணம் வீசுகின்றன.

பல இனத்தார் கூடி வாழும் அந்நகரில் அண்டை வீட்டாரின் வழக்கமும் தமிழர் கண்ணுக்குத் தொலைவில் இருந்ததில்லை. ஊறவைத்த அரிசியிலிருந்து ஆக்கும் ‘பெடாக் செஜோக்’ என்னும் குளிர்ப்பொடியை மலாய்ப் பெண்கள் முகத்தில் பூசினர். சாவகத்து மரபில் வந்த ‘லூலூர்’ என்னும் பூச்சு, அரிசியும் மஞ்சளும் நறுமண வேர்களும் கலந்து மேனி தேய்க்கப் பயன்பட்டது. தமிழச்சியின் மஞ்சளும் சாவகப் பெண்ணின் மஞ்சளும் ஒரே மண்ணின் கிழங்குகளே.

இவ்வழக்கங்களில் ஒரு பண்பு பொதுவாக அமைந்திருந்தது. தேய்க்கும் கை பெரும்பாலும் பிறர் கையாக இருந்தது. பாட்டி பேரப்பிள்ளையைக் காலில் கிடத்தி மாவு தேய்த்துக் குளிப்பாட்டியபோது, தோல் மட்டுமன்று, உறவும் துலங்கியது. உன் மேனி எனக்கு அருவருப்பானதன்று என்று சொல்லாமல் சொல்லும் செயல் அது.

எனினும், பழமை யாவும் குற்றமற்றது என்று கொள்வது நேர்மையாகாது. அதே பாட்டியின் வாயிலிருந்து, இப்படித் தேய்த்தால் நிறம் வெளுக்கும் என்ற சொல்லும் வந்ததுண்டு. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூப் பாலைக் கொடுத்து, சிவந்த பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டியவர்களும் உண்டு. மாவில் நஞ்சில்லை, ஆனால் சொல்லில் ஒரு துளி நஞ்சு கலந்திருந்தது. சந்தை பிற்காலத்தில் விற்ற நஞ்சுக்கு வீடே விதை தூவியது என்பதை மறைத்தற்கில்லை.

கரும்பும் வெயிலும்

அவ்விதை எங்கிருந்து வந்தது? நிழலில் இருப்பவன் உயர்ந்தவன், வெயிலில் உழைப்பவன் தாழ்ந்தவன் என்ற பழங்கணக்கு அதற்கு ஒரு வேர். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறை, ஆங்கிலேயர் காலத்தில் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பரந்த கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர் அத்தோட்டங்களில் வெயிலில் நின்று கரும்பு வெட்டினர். அவர்தம் முதுகின் கருமையில் அந்நிலத்தின் சர்க்கரை விளைந்தது. குடை பிடித்து நின்ற துரையின் வெளிர்மேனி அதிகாரத்தின் அடையாளமாயிற்று. குனிந்து நின்றவனின் கருமேனி அடிமையின் அடையாளமாயிற்று. உழைப்பின் மேல் சுமத்திய இழிவு உழைப்பவனின் தோலின் மேலும் படிந்தது.

இன்று தோலுரிக்கும் பூச்சுகளில் பெயர் பெற்ற ஒரு பொருள் கிளைக்காலிக் அமிலம். இது கரும்பில் இயற்கையாகவே உள்ளது. கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆலையில் ஆக்கியது. பாட்டன் வெயிலில் நின்று வெட்டிய கரும்பில் இருந்த அதே பொருள், பேத்தியின் மேசைமேல் சிறு புட்டியில் வந்து அமர்ந்திருக்கிறது. அதனைக் கொண்டு அவள் எதனைப் போக்க விழைகிறாள்? மங்கிய செதில்களையா, அல்லது பாட்டன் அளித்த நிறத்தையா? கேள்வியின் கூர்மை இங்கேதான் உள்ளது.

அமிலத்தைப் பழிப்பது அறியாமை. 1974ஆம் ஆண்டில் வேன் ஸ்காட், யூ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், இவ்வகைப் பழ அமிலங்களைக் கொண்டு ஒரு கொடிய தோல்நோயைத் தணிக்கலாம் என்று வெளியிட்டனர். அந்நோயுற்றோரின் தோல் இயல்பாக உதிராமல் மீன்செதில் போல் அடுக்கடுக்காகத் தடித்துவிடும். உதிர வேண்டியது உதிராத துன்பத்திற்கு உதவும் கருவியாகவே அமிலம் மருத்துவத்தில் மதிப்புப் பெற்றது. முகப்பருவால் வாடும் இளையோர்க்கும் மருத்துவர் அறிவுரையோடு இத்தகைய பொருள்கள் பயன்படுகின்றன. துன்பம் களையும் கருவி, தன்வெறுப்பின் கருவியாக மாறுவது பொருளின் குற்றமன்று, நோக்கத்தின் குற்றம்.

சந்தையின் வாக்குறுதி

நோக்கத்தை மாற்றுவதில் சந்தைக்கு நிகர் வேறில்லை. தேய்த்தல் தராததைத் தருவதாக அது வாக்களித்தது. 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் பூச்சு, வெண்மையும் அழகும் ஒன்றே என்று பெயரிலேயே கற்பித்தது. உலகெங்கும் நிறவேற்றுமைக்கு எதிரான குரல் ஓங்கிய 2020ஆம் ஆண்டில் அது ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றப்பெற்றது. வெண்மை என்ற சொல் போய் ஒளி என்ற சொல் வந்தது. புட்டியின் மேல் ஒட்டிய தாளை உரிப்பது எளிது. அரை நூற்றாண்டாக உள்ளத்தின் மேல் ஒட்டியதை உரிப்பது எளிதன்று.

இதனினும் கொடியவை மலிவு விலையில் மறைவாக விற்கும் வெளுப்புப் பூச்சுகள். இவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளது. பாதரசம் இறந்த செதிலை உதிர்ப்பதோடு நிற்பதன்று. அடியடுக்கில் கருநிறமி உருவாவதையே தடுக்கிறது. தோலின் வழியே உடலுட் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. பூசிக்கொண்ட தாயின் கைவழியே அவள் குழந்தைக்கும் பரவவல்லது.

இத்தீமையை எதிர்த்து ஓங்கிய குரல்களுள் ஒன்று பினாங்கிலிருந்தே எழுந்தது. 1969ஆம் ஆண்டில் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019ஆம் ஆண்டில் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களின் நெடுங்காலத் தலைமையில், விளம்பரத்தை நம்பி ஏமாறும் எளிய மக்களுக்காகப் போராடியது. தமிழிலும் வெளியீடுகளைக் கொண்டுவந்து தோட்டப்புறத்து மக்களையும் எட்டியது. பாதரசம் கலந்த வெளுப்புப் பூச்சுகளைப் பற்றி அது மீண்டும் மீண்டும் எச்சரித்தது. மலேசிய நாட்டின் மருந்து ஒழுங்குமுறைத் துறையும், பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் போன்றவை மறைவாகக் கலந்திருப்பதாகக் கண்டறிந்த பூச்சுகளின் பெயர்களை வெளியிட்டு, அவற்றின் விற்பனையைத் தடுத்து வருகிறது. 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மினமாத்தா உடன்படிக்கை, அழகுப்பொருள்களில் பாதரசத்தை விலக்குவதை உலக நாடுகளின் கடமையாக்கியது. பாதரசம் கலந்த கடல்மீனை உண்டு ஒரு கடற்கரையூரே நோயுற்ற கொடுமை 1956ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரையே அவ்வுடன்படிக்கை தாங்கியுள்ளது.

சட்டம் பூச்சைத் தடுக்கும். பூச்சை நாடும் ஏக்கத்தைத் தடுக்குமா? நஞ்சென்று அறிந்த பின்னும் ஒரு பெண் அதனை ஏன் பூசுகிறாள்? அறிவின்மை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்டவர் யார்? பெண் பார்க்க வந்து, படிப்பையும் பண்பையும் கேளாமல் நிறத்தை எடை போட்டவர் யார்? கடையின் முன்வரிசையில் நிற்க ஒருத்தியையும், பின்னறையில் பொருள் அடுக்க ஒருத்தியையும் நிறம் பார்த்துப் பிரித்தவர் யார்? அவள் பூசுவது பாதரசத்தையன்று. ஊரார் அவள்மேல் வீசிய பார்வையை. பாதிக்கப்பட்டவளைப் பழித்துவிட்டுப் பார்த்தவர்களை விட்டுவிடும் அறவுரை பாதி அறவுரையே.

நீரோடு போகும் மணிகள்

இனி, எந்த வெறுப்பும் இன்றி, வெறும் தூய்மைக்காகவே தேய்ப்பவரின் செயலிலும் ஓர் அறக்கேள்வி மறைந்துள்ளது. தேய்த்தது எங்கே போகிறது? பயற்றமாவு மண்ணில் கலந்தால் மண்ணாகும். பீர்க்கங்கூடு மட்கிப் பீர்க்கங்கொடிக்கே உரமாகும். ஆனால், சென்ற தலைமுறையில் முகம் தேய்க்கும் களிம்புகளில் நெகிழியால் ஆன நுண்மணிகளைக் கலந்தனர். மணலினும் சிறிய அவை, முகத்தைத் தேய்த்த ஒரு நிமிடத்தில் தம் பணியை முடித்துக்கொண்டு, கழிநீரோடு ஓடி, ஆற்றை அடைந்து, கடலில் கலந்து, அழியாமல் மிதந்தன. மீன்கள் அவற்றை இரையென விழுங்கின. அமெரிக்க நாடு 2015ஆம் ஆண்டில் இதற்குத் தடைச்சட்டம் இயற்றியது. பிரிட்டன் 2018ஆம் ஆண்டில் தடையை நடைமுறைப்படுத்தியது. எல்லா நாடுகளும் இன்னும் அவ்வழி செல்லவில்லை.

தெலுக் பகாங்கிலும் தஞ்சோங் தோக்கோங்கிலும் வலைவீசி வாழும் மீனவர்க்குக் கடலே வயல். ஒருவர் முகம் ஒரு நாள் பொலிய, மற்றொருவர் வயல் பல்லாண்டு மாசுபடுமாயின், அதனைத் தூய்மை என்று அழைக்கலாமா? தன் வீட்டைப் பெருக்கிக் குப்பையை அண்டை வீட்டு வாயிலில் கொட்டுபவனைத் தூய்மையுடையவன் என்று எவரும் சொல்வதில்லை. பிறர்க்கு மாசு சேர்க்காமல் தன் மாசு நீக்குவதே தூய்மை.

மாசு எது, இயல்பு எது என்று பிரித்தறிவதில் பினாங்கிலேயே ஒரு நல்லாசான் இருந்தார். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடியிருந்து துணி வெளுத்த இடம் ‘தோபி காட்’ எனப்படும். தமிழர் அதனை வண்ணாந்துறை என்றனர். கல்லில் அடித்துத் துவைத்த அத்தொழிலாளிக்கு அழுக்கு வேறு, சாயம் வேறு என்பது நன்கு தெரியும். அழுக்கைப் போக்கிச் சாயத்தைக் காப்பதே அவர் தொழிலின் நுட்பம். நீலச் சேலையை வெள்ளையாக்கிக் கொண்டுவந்து, நன்றாக வெளுத்துவிட்டேன் என்று சொல்பவரை எவர் பாராட்டுவர்? பாழாக்கிவிட்டார் என்றே சொல்வர். துணியின் நிறத்துக்கு அளிக்கும் மதிப்பைத் தோலின் நிறத்துக்கு அளிக்க மறுக்கும் மனிதர், அத்தொழிலாளியின் பின்னின்று பாடம் கேட்க வேண்டியவர். அந்நுட்பம் அறிந்தவரையே சமுதாயம் இழிகுலத்தார் என்று ஒதுக்கி வைத்தது. அழுக்கு எங்கே இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

மாமையும் பசலையும்

தமிழரின் பழைய அழகுணர்வு இக்குழப்பத்திற்கு ஆட்படாமல் இருந்த காலம் உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் நலத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று மாமை. மாந்தளிர் போல் ஒளிரும் அம்மாமை, அவள் மகிழ்ந்திருப்பதன் அடையாளம். தலைவன் பிரிந்தபோது அது கெட்டு, பசலை என்னும் வெளிறிய மஞ்சள் நிறம் மேனியிற் படர்ந்தது. திருக்குறளில் 119ஆம் அதிகாரமாகிய ‘பசப்புறு பருவரல்’ முழுவதும் அத்துன்பத்தையே பேசுகிறது. மேனி வெளிறுவதை அவர்கள் அழகென்று போற்றவில்லை, நோயென்று வருந்தினர்.

குறுந்தொகைப் புலவர் ஒருவர் அப்பசலையின் நிறத்துக்குப் பீர்க்கம்பூவை அடையாளமாகக் காட்டினார். முற்றிய பீர்க்கங்கூடு மேனியைத் துலக்கியது. அதன் பூவோ மேனி இழந்த ஒளிக்கு அடையாளமாயிற்று. துலக்கமும் வெளுப்பும் ஒன்றல்ல என்பதை ஒரே கொடியின் காயும் பூவும் காட்டி நிற்கின்றன.

பொன்மேனியைப் புகழ்ந்த புலவரும் தமிழில் உளர் என்று சிலர் எடுத்துரைப்பர். அது மெய்யே. பொன்னைப் புகழ்வதில் குற்றமில்லை. பொன்னைப் புகழ்வதற்காக மாந்தளிரை இகழ்வதே குற்றம். பல நிறங்களுக்கும் இடமளித்த மொழி, ஒரு நிறத்துக்கு மட்டும் அடிமைப்படுவது வளர்ச்சியாகாது.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழலாம். உடல் என்னுடையது, அதன் நிறத்தை மாற்றுவதும் மாற்றாமையும் என் உரிமை என்பது ஒன்று. உரிமை என்பதில் ஐயமில்லை. முகத்தைத் துலக்க விரும்பும் பெண்ணை வீண்பகட்டுடையவள் என்று பழிக்க எவருக்கும் தகுதியில்லை. ஆனால் உரிமை என்பது விருப்பத்தினின்று பிறப்பது, அச்சத்தினின்று பிறப்பதன்று. மாற்றாவிட்டால் மணமில்லை, வேலையில்லை, மதிப்பில்லை என்ற நெருக்கடியில் செய்யும் தேர்வை உரிமை என்று அழைப்பது, ஓடும் அடிமையின் காலை விடுதலையின் கால் என்று புகழ்வதற்கு ஒப்பாகும். உரிமையைக் காக்க விரும்புவோர் முதலில் அச்சத்தை நீக்க வேண்டும்.

உடலே நிலையற்ற தோற்பை, அதனைத் துலக்குவதில் என்ன பயன், உள்ளத்தைத் துலக்குக என்பது மற்றொன்று. துறவியர் வாயில் இது பொருத்தமான சொல்லாக இருக்கலாம். ஆயினும் வள்ளுவர், புறத்தூய்மையை நீருக்கும் அகத்தூய்மையை வாய்மைக்கும் உரியதாக்கி, இரண்டையும் ஏற்றாரேயன்றி ஒன்றைத் தள்ளவில்லை. நாள் முழுதும் உழைத்துப் புழுதி படிந்து வீடு திரும்பிய தாய், வெந்நீரில் குளித்து, மஞ்சள் தேய்த்து முகம் கழுவி, சற்று நேரம் கண்ணாடி முன் நிற்பது செருக்கன்று. தன்னையும் பேணத்தக்க ஓர் உயிராக அவள் ஏற்றுக்கொள்ளும் தருணம் அது. உடலை வெறுக்கும் துறவும் உடலை மாற்றத் துடிக்கும் வெறியும் வெளித்தோற்றத்தில் பகைபோல் தோன்றினும், உள்ள உடலை உள்ளவாறு ஏற்க மறுப்பதில் இரண்டும் ஒன்றே.

ஆகவே, துலக்குதலுக்கும் துறத்தலுக்கும் இடையே கோடு கிழிக்க மூன்று வினாக்கள் போதும். இச்செயல் உடல் தானே செய்யும் பணிக்குத் துணையா, தடையா? இதன் கழிவு பிறர்க்குக் கேடு தராமல் மண்ணில் கலக்குமா? இதனைச் செய்யாமல் விட்டாலும் இவ்வுடலோடு அமைதியாக வாழ மனம் இசையுமா? மூன்றுக்கும் நல்விடை தருவது பேணுதல். தராதது தன்னையே இழத்தல். வாரத்தில் ஓரிரு முறை மென்மையாகத் தேய்த்தலும், புண்ணும் அழற்சியும் உள்ள இடத்தைத் தொடாதிருத்தலும், அமிலம் பூசினால் வெயிலினின்று மேனியைக் காத்தலும், ஐயம் எழுந்தால் மருத்துவரை நாடுதலும் இந்நெறிக்கு உட்பட்ட எளிய நடைமுறைகள்.

வகுப்பறையின் கண்ணாடி

இவ்வினாக்களை மனிதன் முதலில் கேட்கப் பழகும் இடம் குளியலறையன்று, வகுப்பறை. ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் ஏற்பாடாகிறது என்று கொள்வோர், வேடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தேவதை வேடத்துக்கு வெளிர்ந்த சிறுமி; அரக்கி வேடத்துக்குக் கறுத்த சிறுமி. எவரும் கடுஞ்சொல் கூறவில்லை. எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஆயினும் அன்று மாலை வீடு திரும்பிய அந்தக் கறுத்த சிறுமி, பீர்க்கங்கூட்டை எடுத்து முழங்கையைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாளாயின், அவள் கையில் அதைக் கொடுத்தது யார்? காலையில் மாமைக்கு உரை கூறி, மாலையில் வெண்மைக்கு மாலை சூட்டினால், பாடம் எது என்பதை மாணவர் சரியாகவே புரிந்துகொள்வர். அவர்கள் உரையை மறப்பர், மாலையை மறவார்.

ஆசிரியரின் ஒரு சொல் அமிலத்தினும் ஆழமாக இறங்க வல்லது. கறுப்பி என்று விளையாட்டாய் அழைத்த பெயர் 28 நாளில் உதிர்வதில்லை. 28 ஆண்டிலும் உதிர்வதில்லை. அதேபோல், தேவதை வேடத்துக்கு உன் குரலே தக்கது என்று ஒருமுறை சொல்லிய சொல்லும் உதிர்வதில்லை. தோல் திங்கள்தோறும் புதிதாகிறது. உள்ளம் அவ்வாறு தானே புதிதாவதில்லை. அதற்குத் துணைக்கைகள் வேண்டும்.

மாணவரும் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். தோழியின் நிறத்தைச் சுட்டிச் சிரிக்கும் கூட்டத்தில் சிரிக்காமல் நிற்கும் ஒருவர், பெரிய சொற்பொழிவு எதுவும் ஆற்ற வேண்டுவதில்லை. அந்தச் சிரியாமையே ஒரு தோழியின் கையிலிருந்து பாதரசப் புட்டியைப் பறித்தெறியக் கூடும்.

சமுதாயத்தின் மேல் ஒரு பழந்தோல் தடித்துக் கிடக்கிறது. நிழலில் நின்றவன் உயர்ந்தவன் என்று துரைத்தனக் காலத்தும் அதற்கு முன்னும் படிந்த செதில் அது. உயிர் நீங்கிப் பன்னாள் ஆகியும் உதிராமல், மீன்செதில் நோய்போல் அடுக்கடுக்காய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரும்பு வெட்டிய முதுகுகளின் வழிவந்தோர் தேய்த்து உதிர்க்க வேண்டிய தோல் அதுவே. அதன் அடியில் காத்திருக்கும் மேனி, எந்த நிறத்ததாயினும், பழுதற்றது.